பெறுநர்: ஃப்ளோரா ஆம்ப்ரோஸ்

இனிமேல் மனைவியிடம் பொய் சொல்வதில்லை என்று ஆம்ப்ரோஸ் முடிவெடுத்தார். திருந்திவிட்டதால் எடுத்த முடிவு அல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொன்ன ஒரு பொய்கூட அந்த வீட்டில் அரை நாள் தாங்கியதில்லை. ஃப்ளோரா அஞ்சலகத்தில் வேலை பார்த்து போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றவள். உறையைத் தொட்டுப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடிய கை. அவளிடம் பொய் எடுபடாது. ஆகவே இந்த முறை உண்மையைச் சொல்லியே ஏமாற்றுவது என்று தீர்மானித்தார்.

ஆம்ப்ரோஸ் சாந்தோமில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் அவருடைய நண்பர்கள் சிலர் கடற்கரையில் நடந்தார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் நடந்தார்கள். இவருக்குப் பிடித்தது பழைய வேக்குவம் கிளீனர். யாராவது பரணில் போட்டு மறந்ததை, குடோனில் துருப்பிடித்துக் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வருவார். திருகு திருகாகப் பிரிப்பார். மோட்டாரைத் துடைத்து, தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றி, உடம்பை எமரி காகிதத்தால் தேய்த்து, பாலிஷ் போட்டு, அதில் தன் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிகிறவரை விடமாட்டார். பிறகு முன்னறையில் வரிசையாக வைப்பார். இப்படிப் பதினோரு மெஷின்கள் சேர்ந்துவிட்டன. பதினொன்றும் ஓடும். ஆனால் ஒன்றையும் ஓட்டக் கூடாது.

அந்த வீட்டை ஃப்ளோரா துடைப்பத்தால் பெருக்கினாள்.

மயிலாப்பூர் பக்கம் எதற்காவது தோண்டிக்கொண்டே இருந்த காலம் அது. தோண்டிய மண்ணில் பாதி லாரியில் போனது, மீதி கடற்காற்றில் ஏறி அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு வந்தது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாவும் நின்றுவிட்டாள். ஒருநாள் மெஷின் குழாயில் கால் தடுக்கி விழுந்தவள், "இன்னா சார், வீட்டுக்குள்ள பாம்புப் பண்ணை வச்சிக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்புறம் வரவில்லை.

"ஏங்க, அந்தப் பச்சை மெஷினைக் கொஞ்சம் குடுங்களேன்," என்று ஃப்ளோரா ஒருமுறை கேட்டாள். "கட்டிலுக்கு அடியில மட்டும்."

"பச்சையா? அதோட பை ஒரிஜினல் துணி ஃப்ளோரா. தூசி பட்டா போச்சு."

"தூசி படக் கூடாத வேக்குவம் கிளீனரா?"

"பழசு எல்லாமே அப்படித்தான்."

ஃப்ளோரா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் பட்டினப்பாக்கத்தில் மீன் வாங்கிக்கொண்டு வந்தபோது முன்னறையில் கால் வைக்க இடமில்லை. பையைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"இனிமே ஒண்ணு உள்ள வரணும்னா ஒண்ணு வெளிய போகணும்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "இத்தனை வருஷம் கூட்டல் சொல்லிக்குடுத்தீங்க. இனி கொஞ்சம் கழித்தலும் போட்டுப் பாருங்க."

ஆம்ப்ரோஸ் ஒத்துக்கொண்டார். வாங்குவதற்கு எதுவும் கண்ணில் படாத நேரத்தில் எந்த நிபந்தனைக்கும் ஒத்துக்கொள்வது சுலபம்.

அந்த வாரமே அடையாரிலிருந்து போன் வந்தது.

"சார், என் பேர் முத்துகிருஷ்ணன். பழைய வேக்குவம் கிளீனர் எல்லாம் சரிபண்றவர் நீங்கதானே?"

"ஆமா. உங்களுக்கு யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சார் சொல்றாங்க."

ஆம்ப்ரோஸுக்கு நெஞ்சு நிறைந்தது. அடையார்வரை தன் பெயர் போயிருக்கிறது. முத்துகிருஷ்ணன் விஷயத்தைச் சொன்னார். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுத்துவிட்டார்கள். அவருடைய அப்பா கப்பலில் என்ஜினியராக இருந்தவர். எந்தத் துறைமுகத்திலிருந்தோ ஒரு மெஷின் கொண்டுவந்திருந்தார். மோட்டார் எரிந்து ரொம்ப வருஷம் ஆகிறது. காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. யாராவது ஓடவைப்பதாக இருந்தால் சும்மாவே கொடுத்துவிடுகிறாராம்.

ஆம்ப்ரோஸ் சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனார். முத்துகிருஷ்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில், மேலே போட்டிருந்த சாக்கை எடுத்துக் காட்டினார். நீளமாக, உருண்டையாக, சின்னக் கப்பல் மாதிரி ஒரு மெஷின். சக்கரம் கிடையாது, அடியில் இரண்டு வளைந்த சறுக்குக் கம்பிகள். மேலே முழுக்க ஒட்டடையும் கரியும். ஆம்ப்ரோஸ் கைக்குட்டையை எச்சில் தொட்டு ஒரு இடத்தில் தேய்த்தார். அரக்குச் சிவப்பு தெரிந்தது. இன்னொரு இடத்தில் தேய்த்தார். குரோமியம் பளிச்சென்றது. ஃப்ளோராவைப் பெண் பார்க்கப் போன அன்றுகூட அவருக்கு இப்படி வேர்த்ததில்லை.

ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். டிரைவர் கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை பார்த்தார்.

"இன்னா சார் அது, ஆக்சிஜன் சிலிண்டரா?"

"ம்."

"யாருக்கு சார் முடியல?"

"எனக்குத்தான்," என்றார் ஆம்ப்ரோஸ் யோசனையில். டிரைவர் அதற்கப்புறம் ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை.

யோசனை இதுதான்: உள்ளே ஒன்று வர வேண்டுமானால் வெளியே ஒன்று போக வேண்டும். பதினொன்றில் எதை அனுப்புவது? பச்சையையா? அந்த மூக்கு நீண்ட கறுப்பையா? பெற்ற பிள்ளைகளில் எதைத் தள்ளுவது? தற்காலிகமாக மெஷினைக் கீழ்வீட்டு ஜுவேரியாவின் கார் ஷெட்டில் வைத்துவிட்டு மாடி ஏறினார். ஃப்ளோரா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்ம கல்யாண நாள் வருது," என்றாள் நிமிராமலே. "எல்லா வருஷமும் ஒரு புடவை. வேற ஒண்ணும் நீங்க எனக்கு வாங்கித் தந்ததில்ல. சும்மா சொன்னேன்."

ஆம்ப்ரோஸுக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது. ஃப்ளோராவுக்கே கொடுத்துவிட்டால்? அவளுடைய பொருள் அவருடைய கணக்கில் எப்படி வரும்? பதினொன்று பதினொன்றாகவே இருக்கும். மெஷினும் வீட்டுக்குள் இருக்கும். பரிசு என்று சொல்வதிலும் பொய் இல்லை. பொய் சொல்வதில்லை என்று அவர் முடிவெடுத்தது இந்த இடத்தில்தான்.

மறுநாள் ஜுவேரியாவிடம் விஷயத்தைச் சொன்னார். ஜுவேரியா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரை விற்றுவிட்டதால் ஷெட் காலியாக இருந்தது.

"ஃப்ளோராவுக்குத் தெரிய வேணாம்மா. அவளுக்குக் கல்யாண நாள் பரிசு."

ஜுவேரியா மெஷினைப் பார்த்தார். ஆம்ப்ரோஸைப் பார்த்தார்.

"ஃப்ளோராவுக்கா சார்?"

"அவளுக்குத்தான்."

"ஓடுமா?"

"ஓடவைப்பேன்."

"நல்லா ஓடவைங்க சார்," என்றார் ஜுவேரியா. தினமும் ஷெட்டுக்கு டீ அனுப்பிவைத்தார். எவ்வளவு நல்ல மனசு என்று ஆம்ப்ரோஸ் நினைத்துக்கொண்டார்.

அந்த ஷெட்டில் கழிந்த நாட்கள் அவர் வாழ்க்கையிலேயே இனிமையானவை. திருகுகள் முதலில் அசையவில்லை. எண்ணெய் விட்டு, தட்டிக்கொடுத்து, கெஞ்சி ஒவ்வொன்றாகக் கழற்றினார். பைக்குள் அடையார் வீட்டுத் தூசி கல்லாக இறுகிக் கிடந்தது. அதை உதறினால் ஒரு ஹேர்பின், இரண்டு சட்டைப் பொத்தான், ஒரு உளுத்த ஏலக்காய். மோட்டாருக்குக் கம்பி சுற்ற சைதாப்பேட்டையில் ஒரு கடையில் கொடுத்து வாங்கினார். சறுக்குக் கம்பிகளைத் தேய்த்தார். குரோமியத்தைத் தேய்த்தார். தேய்த்ததையே மறுபடி தேய்த்தார். கடைசியில் ஸ்விட்சைப் போட்டபோது மெஷின் உறுமவில்லை, அலறவில்லை. யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் 'ம்' என்று சொல்வது மாதிரி ஓடியது. ஆம்ப்ரோஸ் அதைக் கேட்டுக்கொண்டே டீயை ஆறவிட்டார்.

மேலே போனால் ஃப்ளோரா கேட்டாள்.

"கையெல்லாம் என்ன கறுப்பு?"

"பாலிஷ்."

"யாருக்கு?"

"உனக்காகத்தான்."

அத்தனையும் உண்மை. ஃப்ளோரா, "அப்படியா," என்று சொல்லி, கையில் தேய்த்துக்கொள்ள எலுமிச்சம்பழத் தோலைக் கொடுத்தாள். மேலே ஒரு கேள்விகூட இல்லை. உண்மைக்கு இவ்வளவு சக்தி உண்டு என்பது ஆம்ப்ரோஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாண நாளன்று தேவாலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பினார்கள். ஜுவேரியாவின் ஏற்பாட்டில் அதற்குள் மாடி ஏறி வந்து, முன்னறை நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கழுத்தில் சாட்டின் ரிப்பன். ரிப்பனில் ஒரு அட்டை. போஸ்ட்மாஸ்டருக்குப் பிடிக்கட்டும் என்று அதில் தன் கைப்பட எழுதியிருந்தார்: பெறுநர், ஃப்ளோரா ஆம்ப்ரோஸ்.

ஃப்ளோரா படித்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"எனக்கே எனக்கா?"

"உனக்கே உனக்கு."

"உங்களோடது இல்லையே?"

"சத்தியமா இல்ல."

ஒரு கேள்வியை மூன்று விதமாகக் கேட்டு விடையைச் சரிபார்க்கிறவர்களிடம் கணக்கு வாத்தியார் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆம்ப்ரோஸ் மகிழ்ச்சியில் இருந்தார்.

"அப்ப நீ சொன்ன நிபந்தனை..." என்று இழுத்தார்.

"இது உங்க கணக்குலயே வராதுங்க," என்றாள் ஃப்ளோரா. அவளே சொல்லிவிட்டாள். மத்தியானம் ஜுவேரியா கொடுத்தனுப்பிய பிரியாணியை ஆம்ப்ரோஸ் இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுநாள் காலை 'ம்' என்ற சத்தம் கேட்டுத்தான் விழித்தார். கனவு என்று நினைத்தார். பிறகு 'டங்' என்று கேட்டது. அவிழ்ந்த லுங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். முன்னறையில் ஃப்ளோரா மெஷினை மாட்டை இழுப்பது போல் குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் வந்த மெஷின் நிலைப்படியில் மோதி நின்றிருந்தது.

"ஃப்ளோரா, நிறுத்து. என்ன பண்ற?"

"பெருக்குறேங்க."

"அது ஓட்டுற மெஷின் இல்லம்மா."

"ஓடுதே."

"ஓடும். ஓட்டக் கூடாது."

ஃப்ளோரா ஸ்விட்சை அணைத்தாள். கவுன்ட்டரில் வரிசை கலைந்தால் பேசுகிற அதே நிதானத்தில் பேசினாள்.

"தபால் பட்டுவாடா ஆயிட்டா அது பெறுநருக்குச் சொந்தம். அப்புறம் அனுப்புனவர் வந்து அழுதாலும் திருப்பிக் குடுக்க முடியாது. என் சர்வீஸ்ல ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. அட்டையில உங்க கையெழுத்துதான இருக்கு?"

"இருக்கு."

"நல்லது," என்று மறுபடி ஸ்விட்சைப் போட்டாள். இந்த முறை இரும்பு பீரோவை நோக்கிப் போனாள். பீரோவின் மூலை கூரானது. ஆம்ப்ரோஸ் பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தார்.

"குடு. நான் பண்றேன். நீ தள்ளு."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"பரவாயில்ல. தள்ளு."

ஃப்ளோரா தள்ளிப் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை விரித்தாள்.

"கட்டிலுக்கு அடியிலயும்," என்றாள் தலைப்புச் செய்தியைப் படித்துக்கொண்டே.

அன்றிலிருந்து அது ஆம்ப்ரோஸின் வேலை ஆயிற்று. வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஃப்ளோரா தினமும் எழுந்து குழாயைத் தொடுவாள். ஆம்ப்ரோஸ் குறுக்கே விழுந்து வாங்கிக்கொள்வார். காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கூட்டலும் பெருக்கலும் சொல்லிக்கொடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகு அறை அறையாகக் கூட்டினார், பெருக்கினார். ஒருநாள் தப்பிக்க வழி தேடி, "வேணும்னா என் பச்சை மெஷினை எடுத்துக்கோயேன், இதுக்கு ஓய்வு குடுக்கலாம்," என்று பெரிய மனசு பண்ணினார்.

"உங்க பொருளை நான் எப்படிங்க தொடுறது? ஒரிஜினல் துணி வேற," என்றாள் ஃப்ளோரா.

பங்குக் கோயில் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தபோது வந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஜன்னல் கம்பியில் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கமாட்டார்," என்றாள் ஒருத்தி.

"இவருக்கு நான் பெருக்கினாலே பிடிக்காது," என்றாள் ஃப்ளோரா. அதிலும் ஒரு சொல் பொய் இல்லை. ஆம்ப்ரோஸ் பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் வெளியே சொல்லாத ஒன்றும் உண்டு. அவருக்கு அது பிடிக்கத் தொடங்கியிருந்தது. சறுக்குக் கம்பி மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு வரும் அழகு, குழாய்க்குள் ஒரு கல் துகள் கலகலவென்று ஏறிப் போகும் சத்தம், அவர் நடக்க நடக்கப் பின்னாலேயே வரும் அந்த 'ம்'. மற்ற பதினொன்றும் ஒரு நாளும் அவரோடு இப்படி நடந்ததில்லை. மழைக்காலத்தில் வழக்கமாக வரும் தும்மலும் அந்த வருஷம் வரவில்லை.

அப்படி ஒரு காலை, ஃப்ளோரா மீன் வாங்கப் போயிருந்த நேரம், வாசலில் மணி அடித்தது. மெஷினை ஓடவிட்டபடியே போய்க் கதவைத் திறந்தார். முத்துகிருஷ்ணன் நின்றிருந்தார். கையில் ஒரு சின்ன முனைக்குழாய். வீட்டைக் காலி பண்ணும்போது கிடைத்ததாம். சோபா இடுக்கில் விட்டு உறிஞ்சுவதற்கானது.

"ஓடுதா சார்," என்று சத்தத்தைக் கேட்டு முத்துகிருஷ்ணன் முகம் மலர்ந்தார். "எங்க போஸ்ட்மாஸ்டர் அம்மா? அவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"அவளை உங்களுக்குத் தெரியுமா?"

"அடையார் போஸ்ட் ஆபீஸ்ல இருந்தப்பவே தெரியும் சார். அவங்கதானே கேட்டாங்க, வீட்டுல உபயோகப்படுற மாதிரி மெஷின் ஏதாவது இருக்கான்னு. இருக்கு, ஆனா எரிஞ்சுபோச்சுன்னேன். அதுக்கு ஆள் இருக்கார், நீங்களே போன் பண்ணுங்க, ஆனா என் பேரைச் சொல்லிடாதீங்கன்னாங்க." முத்துகிருஷ்ணன் சற்றுத் தயங்கினார். "கீழ் வீட்டம்மா ஷெட்டைப் பெருக்கித் தயாரா வச்சிருக்காங்கன்னுகூடச் சொன்னாங்க. சொல்லக் கூடாதோ?"

"பரவாயில்ல. உக்காருங்க," என்றார் ஆம்ப்ரோஸ். தானும் உட்கார்ந்தார். அடையார்வரை பரவியிருந்த புகழ் அவர் கண்ணெதிரே சுருங்கி, சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

முத்துகிருஷ்ணன் போன சிறிது நேரத்தில் ஃப்ளோரா வந்தாள்.

"முத்துகிருஷ்ணன் வந்திருந்தார்," என்றார் ஆம்ப்ரோஸ்.

"அப்படியா? காபி குடுத்தீங்களா?"

"குடுத்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"நல்ல மனுஷன். மறைக்கத் தெரியாது." மீன் பையைத் தொட்டியில் வைத்தாள்.

"ஏன் ஃப்ளோரா, நேரா என்கிட்டயே ஒரு மெஷின் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேங்க. பதினோரு தடவை. ஒவ்வொண்ணும் வந்தப்ப ஒரு தடவை."

ஆம்ப்ரோஸ் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பச்சைக்குத் துணிப்பை என்று சொல்லியிருந்தார். கறுப்புக்கு வயர் பழசு. வெள்ளைக்கு என்ன சொன்னோம்? ஏதோ சொல்லியிருந்தார். விடை சரியாகத்தான் இருந்தது. கோபப்படலாமா என்று யோசித்தார். கையில் புது முனைக்குழாய் இருந்தது. சோபா இடுக்கில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் கோபப்பட மனசு வரவில்லை. பார்த்தார். பிரமாதமாக வேலை செய்தது. ஒரு பேனா மூடிகூடக் கிடைத்தது.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாக மனதில் எழுதிக்கொண்டார். இந்த வீட்டில் இனி எந்தத் திட்டமும் அவர் போடுவதாக இல்லை. ஃப்ளோரா பேசும் எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்காமல் தலையாட்டுவதாகவும் இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு வாழ்வது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஃப்ளோரா மயிலாப்பூர் குளத்துப் பக்கம் போய்விட்டு வந்தாள். செய்தித்தாளில் சுற்றிய கனமான ஒன்றை அவர் மடியில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான். கிறிஸ்துமஸ் பரிசு. பழைய பாத்திரக் கடையில ஒரு மூலையில கிடந்துச்சு. பிடிக்கலன்னா சொல்லுங்க, திருப்பிக் குடுத்துடலாம்."

ஆம்ப்ரோஸ் உஷாராகப் பிரித்தார். பித்தளையில் ஒரு பழைய இடியாப்ப நாழி. மேலே கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே திருகு இறங்கிப் பிழிகிற வகை. பச்சைக் களிம்பு ஏறி, திருகு இறுகிப்போய், கறுத்துக் கிடந்தது. அவர் அதை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேப்பர் படித்தார். பிறகு எடுத்து, சும்மா ஓரத்தில் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அடியில் மஞ்சள் மினுங்கியது. திருகில் யாரோ கையால் வெட்டிய சுருள் மரை, ஒவ்வொரு சுற்றும் ஒரே இடைவெளியில்.

"இந்த மாதிரி வேலை இப்ப யாரும் பண்றதில்ல," என்றார்.

"எனக்கு என்னங்க தெரியும்," என்றாள் ஃப்ளோரா.

மத்தியானம் புளி போட்டு ஊறவைத்தார். எண்ணெய் விட்டுத் திருகைக் கழற்றினார். எமரி, பாலிஷ், மெத்துத் துணி. சாயங்காலம் ஆவதற்குள் நாழி ஜன்னல் வெளிச்சத்தில் தங்கம் மாதிரி நின்றது. மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது. ஒற்றை விரலால் கைப்பிடியைச் சுற்றினார். சத்தமே இல்லாமல் இறங்கியது. ஆசை தாங்காமல் சமையலறைக்கே எடுத்துக்கொண்டு போனார்.

"எப்படிச் சுத்துது பாரு ஃப்ளோரா. வெண்ணெய் மாதிரி."

ஃப்ளோரா பார்த்தாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்று மனதாரச் சொன்னாள். பிறகு அடுப்பு மேடையில் ஈரத்துணி போட்டு மூடியிருந்த பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மாவு பிசைஞ்சு வச்சிருக்கேங்க. ஆறுறதுக்குள்ள பிழிஞ்சிடுங்க."